கணனிக்கு ஒட்டுப் போடும் ஒழுங்கு

வரம்பில் நண்டு வளை சிறிதாக இருக்கும்போதே அடைக்காவிட்டால் ஒரே இரவில் வயல்நீர் வடிந்துவிடும் என்பதை நாம் அறிவோம். கணனியிலும் இத்தகைய வளைகள் உண்டு. கணனியை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்பட்ட அதில் தவறுகள் தங்கிவிடுகின்றன. அவற்றின் வழியே அந்நியர் உட்புகலாம். தவறு தெரியவந்ததும் தயாரிப்பாளர் அதனைத் திருத்தும் சிறு மென்பொருளை வெளியிடுவர். கிழிந்த சாரத்துக்குப் போடுவது போன்ற ஒட்டுத்தான் இது. விண்டோஸ் இயங்குதளத்தைத் தயாரிக்கும் மைக்ரோசொப்ட் நிறுவனம் 2003 முதல் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஒட்டுக்களை வெளியிட்டு வருகின்றது.

வெளிவந்தால் மட்டும் போதாது. 2017 மார்ச் 14ஆம் திகதி விண்டோஸின் ஒரு துவாரத்துக்கு ஒட்டு வெளியானது. மே 12ஆம் திகதி 'வன்னாகிறை' என்ற தீய மென்பொருள் அதே துவாரத்தால் நுழைந்து, கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரச மருத்துவ சேவையில் வைத்தியசாலைகளை நடத்தும் 236 அமைப்புகளில் குறைந்தது 80 பாதிப்புற்றன. சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டன. சில இடங்களில் அம்புலன்ஸ் வண்டிகள் வேறு வைத்தியசாலைகளுக்குத் திருப்பப்பட்டன. நோய்க்கு மருந்து வந்து இரண்டு மாதம், கொடுக்கத்தான் ஆளில்லை!

ஆயிரம் கணனிகள் உள்ள இடத்தில் ஒவ்வொன்றாகப் போய் ஒட்டுப் போடுவது யாராலும் இயலாது. ஒட்டு முகாமை மென்பொருள் இதற்கென்றே உண்டானது. அது முதலில் ஒரு பதிவேட்டைத் தயாரிக்கின்றது: எந்தக் கணனியில் எந்த இயங்குதளம், எந்த ஒட்டு உண்டு, எது இல்லை என்று. பின்னர் ஒட்டுக்களை ஒரே தடவை மத்திய கணனிக்கு இறக்கி, அபாயத்தின் அளவுப்படி வரிசைப்படுத்துகின்றது. எடுத்த எடுப்பில் எல்லாவற்றுக்கும் போடுவதில்லை. ஒட்டே சில வேளை கணனியை முடக்கிவிடுவதுண்டு. ஆகவே சில கணனிகளில் போட்டுப் பார்த்து, பொறுப்பாளர் சம்மதித்த பின்னரே ஏனையவற்றுக்கு அனுப்புகின்றது. கணனியை நிறுத்தி மீண்டும் இயக்கவேண்டி வருமாதலால் வேலையற்ற இரவு நேரத்தையே தெரிவு செய்வர். முடிவில் எந்தெந்தக் கணனிக்கு ஒட்டுப் போகவில்லை என்ற அறிக்கை வரும். எமது எண்ணத்தில் மிகவும் பயனுள்ளது இதுவே.

ஆயினும், பதிவேட்டில் சேர்க்கப்படாத கணனி இதன் கண்ணில் படாது. தயாரிப்பாளர் கைவிட்ட பழைய இயங்குதளத்துக்குப் பொதுவாக ஒட்டு வருவதுமில்லை. விண்டோஸ் 10இற்கான வழமையான இலவச ஒட்டுக்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. யாரேனும் பழைய கணனியொன்றை அன்பளிப்பாகத் தந்தால், அதில் எந்த இயங்குதளம் உள்ளது என்று முதலில் கேளுங்கள். ஒரேயொரு கணனி வைத்திருப்போருக்கு முகாமை மென்பொருள் தேவையில்லை. தானாகவே ஒட்டுப் போடும் வசதி இயங்குதளத்திலேயே உண்டு. அதனை நிறுத்தாமல் விட்டாலே போதும்.