நாடி சொல்லும் நடைக் கணக்கு

போர் 2009இல் முடிந்தது. ஆனால் மிதிவெடியில் கால் இழந்தவரும், செல் துண்டு முதுகில் பாய்ந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவரும் எமது இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் இன்றும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் பகல் முழுதும் வயலில் நின்றவர், இப்போது கிணற்றடிக்குப் போய் வந்ததுமே திண்ணையில் சாய்ந்துவிடுகிறார். அவருக்குப் பஞ்சி பிடித்துவிட்டது என்று வீட்டாரே சொல்வதுண்டு. நாளடைவில் அவரும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறார். இது பஞ்சியா, உண்மையான களைப்பா என்று கண்டறிய ஒரு வழி அவருடைய மணிக்கட்டிலேயே இருக்கிறது.

நாடித் துடிப்பைக் கொண்டு ஊனமுற்றோரின் உடல் படும் பாட்டை அளப்பது புனர்வாழ்வுப் பொறியியலில் நெடுநாளாக நடந்துவரும் ஆய்வு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் றாஞ்சோ லொஸ் அமிகோஸ் வைத்தியசாலையில் வைத்தியர் றொபேட் வோட்டர்ஸும் அவரது சகாக்களும் கால் அகற்றப்பட்டவர்களை நடக்கவிட்டு, அவர்களது நாடியையும் அவர்கள் உள்ளிழுத்த ஒட்சிசனையும் அளந்து 1976இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கால் எவ்வளவு மேலே வெட்டப்பட்டதோ, ஒவ்வொரு மீற்றர் தூரத்துக்கும் அவ்வளவு கூடிய சக்தி செலவாகிறது. விபத்தில் முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவருக்கு ஏறக்குறைய கால் பங்கு அதிகம். முழங்காலுக்கு மேலே இழந்தவருக்குப் பாதிக்கு மேல் அதிகம் என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இந்தக் கூடுதல் சுமையைச் சமாளிக்க அவர்கள் தாமாகவே நடையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதையும் அந்த ஆய்வு கண்டது. மெதுவாக நடப்பது உடல் போடும் புத்தியான கணக்கு. அதை நாம் பஞ்சி என்று பெயர் சூட்டிவிட்டோம்.

அதே ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. நன்றாகப் பொருந்திய செயற்கைக் காலுடன் ஊன்றுகோல் இன்றி நடப்பது, காலைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு ஊன்றுகோல்களில் எம்பி எம்பி நடப்பதைவிட இருதயத்துக்கு மிகவும் இலகுவானது. கால் கடிக்கிறது, வியர்க்கிறது என்று அதைக் கூரையில் செருகிவிட்டு ஊன்றுகோலுக்குத் திரும்பியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த அளவைச் சாதாரண மக்களும் செய்யக்கூடியதாக்கியவர் மக்கிரெகர் என்ற ஆய்வாளர். 1980ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அவர் ஒரு சுலபமான சூத்திரத்தைத் தந்தார். நடக்கும்போது உள்ள நாடியிலிருந்து ஓய்வில் உள்ள நாடியைக் கழித்து, வரும் தொகையை ஒரு நிமிடத்தில் நடந்த மீற்றர் தூரத்தால் பிரிக்க வேண்டும். ஒரு மீற்றர் நடக்க இருதயம் எத்தனை துடிப்பு மேலதிகமாகக் கொடுக்கிறது என்பதே விடை.

முற்றத்தில் 20 மீற்றர் நீளத்தைக் கயிற்றால் அளந்து இரு முனையிலும் தடி நாட்டுங்கள். நடப்பவர் முதலில் ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கட்டும். பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் உட்புறம் மூன்று விரல்களை வைத்து அரை நிமிடம் நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பெருவிரலால் தொட்டு எண்ணக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு. பின்னர் அவர் தமக்கு வசதியான வேகத்தில் ஐந்து நிமிடம் இரு தடிகளுக்கும் இடையே நடக்கட்டும். நின்றவுடனேயே 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். தாமதித்தால் நாடி இறங்கிவிடும்.

உதாரணத்துக்கு, சுகதேகி ஒருவரின் நாடி ஓய்வில் 72, நடந்தபின் 100, வேகம் நிமிடத்துக்கு 70 மீற்றர் என்போம். 28ஐ 70ஆல் பிரிக்க 0.4 வருகிறது. ஊன்றுகோலுடன் நடப்பவருக்கு ஓய்வில் 76, நடந்தபின் 126, ஐந்து நிமிடத்தில் 200 மீற்றர், அதாவது நிமிடத்துக்கு 40 மீற்றர். 50ஐ 40ஆல் பிரிக்க 1.25. ஒரே ஒழுங்கையில் இருவர் போகிறார்கள். ஒருவர் மற்றவரைப்போல் மூன்று மடங்கு விலை கொடுக்கிறார். நெஞ்சு நோ, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்த வேண்டும். பிறஷருக்கு அற்றெனலோல் போன்ற மருந்து எடுப்பவர்களின் நாடி மருந்தாலேயே அடங்கி நிற்கும் என்பதால் அவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

ஒரு தடவை எடுத்த எண்ணைவிட மாதாமாதம் எடுத்து வைக்கும் எண்களே பயன் தருவன. எண் ஏறிக்கொண்டு போனால் காரணத்தைத் தேடுங்கள். வெட்டப்பட்ட காலின் அடித்தண்டு முதல் ஓரிரு வருடங்களில் சுருங்கும். கால் செருகும் கிண்ணம் தளர்ந்து, ஒவ்வொரு அடியிலும் சக்தி வீணாகும். வளரும் பிள்ளைக்குச் செயற்கைக்கால் கட்டையாகிவிடும். ஊன்றுகோலின் மேல்முனை கமக்கட்டுக்கு இரண்டு மூன்று விரல் கீழே நிற்க வேண்டும். பாரம் கையில் இறங்க வேண்டும், கமக்கட்டில் அல்ல. இவை பெரும்பாலும் திருத்தக்கூடிய குறைகளே.

யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987இல் தொடங்கப்பட்டது. அது பெயர் பெற்ற ஜெய்ப்பூர் பாதம், இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் பி. கே. சேத்தியும் 1960களின் பிற்பகுதியில் உருவாக்கியது. றப்பரால் ஆன அந்தப் பாதத்தோடு செருப்பில்லாமல் நடக்கலாம், குந்தலாம், சேற்று வயலில் இறங்கலாம். மேல்நாட்டுப் பாதம் சப்பாத்துக்கென்று செய்யப்பட்டது. விலையுயர்ந்த கால்தான் நல்ல கால் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் கதை வேறு. கைகளின் தசைகள் சிறியவை. அதே வேலையைக் காலால் செய்வதைவிடக் கையால் செய்யும்போது இருதயம் வேகமாக அடிக்கிறது. நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரில் வான் டர் வூடவும் சகாக்களும் 1980களில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். சக்கரத்தின் வளையத்தைக் கையால் தள்ளும்போது, உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே நகர்வாக மாறுகிறது. கையால் சுற்றும் மிதியோ நெம்புகோலோ பூட்டிய வண்டிகள் இதைவிடச் சிக்கனமானவை. அப்படியானால் மணல் ஒழுங்கையும் கிரவல் றோட்டும் உள்ள எமது ஊர்களில், சந்தைக்கும் பாடசாலைக்கும் போகக் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியும், வீட்டுக்குள் நாற்காலியும் என்பதே சரியான ஏற்பாடு. வைத்தியசாலை விறாந்தைக்கென்று செய்த நாற்காலியைக் கொடுத்துப் படமெடுத்துப் போகிறவர்களிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள். நாற்காலிதான் இருக்கிறது என்றால், ரயருக்குக் காற்றடியுங்கள்; காற்றுக் குறைந்த ரயர் வீண் பாரம். வளையத்தின் உச்சியில் கை வைத்தால் முழங்கை செங்கோணத்திலும் சற்று அதிகமாக, 100 முதல் 120 பாகை வரை விரிந்திருக்க வேண்டும். அதற்கேற்ப இருக்கையை உயர்த்தலாம், பதிக்கலாம்.

நாடி பொய் சொல்லும் இடமும் ஒன்று உண்டு. இருதயத்தை வேகப்படுத்தும் நரம்புகள் முண்ணாணின் மேல்மார்புப் பகுதியிலிருந்து புறப்படுகின்றன. அதை ஆறவைக்கும் நரம்பு மூளையிலிருந்து நேரே வருகிறது. கழுத்திலோ மேல்முதுகிலோ முண்ணாண் அறுந்தவருக்கு முன்னையது துண்டிக்கப்பட்டு, பின்னையது மட்டும் மிஞ்சுகிறது. அவர் எவ்வளவு வருந்தி உழைத்தாலும் நாடி 110, 130 அளவில் நின்றுவிடும். எண்ணைப் பார்த்து இவர் முயலவில்லை என்று முடிவு கட்டுவது பெரும் அநியாயம். இவர்களிடம் எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று கேட்பதே அளவுகோல். சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் இதற்கென 6 முதல் 20 வரை எண்ணிட்ட ஓர் அளவை வகுத்தார். அதுவும் வேண்டாம்; வேலையின் நடுவே ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கள். காயத்துக்குக் கீழே இவர்களுக்குச் சரியாக வியர்ப்பதும் இல்லை. வெயிலில் ஈரத்துணி அவசியம்.

இவர்களுக்கு வரக்கூடிய ஓர் ஆபத்தையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன், விற்றரிஜ் என்பவருடன் சேர்ந்து 1947இல் இதை விபரித்தார். நெஞ்செலும்பின் கீழ்நுனி மட்டத்திலோ அதற்கு மேலோ உணர்விழந்தவரின் சிறுநீர்ப்பை நிரம்பி அடைபட்டால், இரத்த அழுத்தம் திடீரென ஏறுகிறது. நாடி பெரும்பாலும் இறங்குகிறது. மண்டையை இடிக்கும் தலையிடி, முகச் சிவப்பு, காயத்துக்கு மேலே வியர்வை ஆகியன அடையாளம். தலையிடிக் குளிசை கொடுத்துப் படுக்க வைப்பது ஆபத்து. உடனே நிமிர்த்தி இருத்துங்கள். இறுக்கமான உடுப்பு, பட்டி, சப்பாத்து எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். மலச்சிக்கலும் படுக்கைப் புண்ணும்கூட இதைத் தூண்டும். காரணம் நீங்கினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும்; தணியாவிட்டால் இருத்தியபடியே ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். அவரது வழக்கமான பிறஷர் 90க்கும் 110க்கும் இடையிலேயே இருந்திருக்கக்கூடும். ஆகவே 140 என்பது மற்றவர்களுக்குப் பெரிதாகத் தோன்றாவிட்டாலும் இவருக்கு அதிகம் என்பதை அங்குள்ள தாதிக்கும் வைத்தியருக்கும் சொல்லுங்கள். வழக்கமான அளவை ஓர் அட்டையில் எழுதி, கிளினிக் கொப்பியோடு வைத்திருந்தால் அந்த நேரத்தில் தேட வேண்டியிராது.