தீபாவளிப் பட்டம்

ஆடி 18 வந்தால் சிவகாசியில் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அடுத்த ஆண்டுக்கான தினசரி, மாதக் காலண்டர் மாதிரிகளைப் புத்தகமாகக் கட்டி, பூஜை போட்டு, ஏஜெண்டுகள் கையில் கொடுத்து ஆர்டர் எடுக்க அனுப்பிவைக்கும் நாள் அது. காவிரிக்கரையில் அந்த நாளில் விதைப்பு வேலை ஆரம்பித்திருக்கும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது தமிழ்நாட்டில் செடி வளர்க்கிற எல்லோருக்கும் மனப்பாடம். அதை நம்பி, சிவகாசியை ஒட்டிய நம் திருத்தங்கலில் ஆடியில் கத்தரி நாற்று நட்டால், ஆவணி முடிவதற்குள் பெரும்பாலும் குச்சிதான் மிஞ்சும்.

குற்றம் காற்றுடையது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே இறக்கிவைத்துக்கொள்கிறது. மலையைத் தாண்டி நமக்கு வருவது ஈரமில்லாத மேல்காற்று. ஆனி, ஆடியில் கொடியில் போட்ட சேலை ஒரு மணி நேரத்தில் மொடமொடத்துப்போகிறதே, அந்தக் காற்றுதான் நாற்றின் இலையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சுகிறது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினால் தாக்குப்பிடிக்கும். ஆனால் குழாயில் சில நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில், குடத்துத் தண்ணீரைக் கத்தரிக்கு ஊற்று என்று யாரிடம் சொல்வது?

இந்த வறட்சிதான் ஊருக்குத் தொழிலைக் கொடுத்தது. சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தபோது, குச்சியும் மருந்தும் காய இதைவிடத் தோதான வெயில் வேறெங்கும் இல்லை. பின்னால் பட்டாசும் அச்சும் வந்து ஒட்டிக்கொண்டதற்கும் இந்த உலர்ந்த காற்று ஒரு காரணம். பட்டாசுக்கு ஆகிற பருவம் கத்தரிக்கு ஆகாது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் புறவாசல் தோட்டத்தைத் திட்டமிட வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பருவம் தொடங்குவதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. எந்த ஆண்டானாலும் மழை தொடங்குவதும் பட்டாசு ஆலைகள் சில வாரம் கதவை மூடுவதும் ஏறத்தாழ ஒரே காலம். அதுவரை விடியலில் ஆலை வண்டி ஏறி, பீஸ் ரேட்டுக்குத் திரி வைத்தும் பெட்டி ஒட்டியும் அந்தியில் திரும்பும் பெண்களுக்கு, வருடத்திலேயே பகலில் வீட்டில் இருக்க முடிவது அப்போதுதான். மழையும் கையும் சேர்ந்து கிடைப்பது அந்த ஒரு சமயம். ஆகவே இந்த ஊருக்கு ஆடிப்பட்டம் வேண்டாம். தீபாவளிப் பட்டம் என்று ஒன்றை நாமே வைத்துக்கொள்வோம்.

திட்டத்தைத் தீபாவளியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். மிளகாய், கத்தரி நாற்று நடவுக்குத் தயாராக 35 முதல் 40 நாள் ஆகும். தக்காளிக்கு 25 நாள் போதும். தீபாவளிக்கு 40 நாள் முன்பு மிளகாய், கத்தரி விதை. அதற்கு இரண்டு வாரம் கழித்துத் தக்காளி. வேலை உச்சத்தில் இருக்கும் நேரம்தான், ஆனால் நாற்றுக்கு வேண்டியது இரண்டு பழைய பெயிண்ட் வாளி. அடியில் துளை போட்டு, பாதி மண், பாதி மக்கிய குப்பை நிரப்பினால் போதும். விரல் நகத்தளவு ஆழத்தில் கோடு கிழித்து, விதையை நெருக்காமல் போட்டு, மேலே மண்ணைத் தூவி, பழைய வேட்டித் துண்டால் மூட வேண்டும். தண்ணீரை நேரே ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிச் சேரும். கையால் தெளிக்க வேண்டும். முளை தலைகாட்டிய அன்றே துணியை எடுத்துவிட வேண்டும். இன்னொரு நாள் கிடக்கட்டும் என்று விட்டால் நாற்று வெளிறி நீண்டு படுத்துவிடும். மேல்காற்று படாத சுவரோரம், காலை வெயில் விழுகிற இடம் பார்த்து வாளியை வைப்பது நல்லது.

இனி மண். நின்ற நாராயணப் பெருமாள் கோயில் இருக்கும் மலையடியில் சரளை. அதை விட்டு விலகினால் கரிசல். சத்தில் கரிசலுக்குக் குறை சொல்ல முடியாது. பிரச்சினை அதன் குணத்தில். காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் உப்பிக்கொண்டு தண்ணீரைக் கீழே விடாது. ஒரு பிடி ஈரக் கரிசலை எடுத்து உருட்டிப் பாருங்கள். மெழுகு மாதிரி நாடாவாக நீண்டு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டால் அன்று மம்பட்டியைத் தொடக் கூடாது. அந்த ஈரத்தில் கொத்திய கட்டி காய்ந்தால் செங்கல்தான். முதல் தூறல் விழுந்து, மேல்மண் பொலபொலவென்று உதிர்கிற பதத்தில் கொத்த வேண்டும். அந்தப் பதம் ஓரிரண்டு நாள்தான் நிற்கும்.

கரிசலில் குழிப்பாத்தி போட்டால் கார்த்திகை அடைமழையில் வேர் அழுகும். அரையடி உயரத்துக்கு மேட்டுப்பாத்திதான் சரி. பத்துக்குப் பத்தடி இடம் என்றால், மூன்றடி அகலத்தில் இரண்டு பாத்தியும் நடுவில் நடக்க வழியும் வரும். இரண்டு சாக்கு மக்கிய ஆட்டுப்புழுக்கையோ தொழு உரமோ கலக்கலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புகள் இருப்பதால் நார்க்கழிவும் கிடைக்கிறது. மக்கியதாகப் பார்த்து வாங்கிச் சேர்த்தால் மண் இறுகாது. மணல் வாங்கிக் கொட்டச் சொல்கிறவர்கள் இன்றைய மணல் விலை தெரியாதவர்கள்.

முதல் பாத்தியில் இரண்டு வரிசையாக, இரண்டடி இடைவெளியில், நாலு கத்தரியும் ஆறு தக்காளியும் நடலாம். தக்காளியில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம். 1 நம் வறட்சிக்கு ஈடுகொடுக்கும். இரண்டாம் பாத்தியில் ஒன்றரையடிக்கு ஒன்றாக ஆறு மிளகாய், மீதியில் சிறுகீரையும் அரைக்கீரையும், ஓரத்தில் சின்ன வெங்காயம். கீரை விதையை மணலோடு கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் குவியாது. பெருமழையில் கீரை மண்ணோடு ஒட்டிப்போகும். மறுபடி தூவ வேண்டியதுதான். சிறுகீரை 25 நாளில் பிடுங்குகிற பயிர் என்பதால் நட்டம் பெரிதில்லை. வேலியோரம் ஒரு பாகல். முதல் வருடம் இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக் கணக்குப்படி ஐந்து பேர் குடும்பத்துக்கு முழுக் காய்கறியும் விளைய 200 சதுர மீட்டர், அதாவது 5 சென்ட் வேண்டும். நம் புறவாசலில் அது ஆகாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் குழம்புக்குக் காய், தினம் ரசத்துக்குத் தக்காளி என்றால் ஆகும்.

விதைக்கு அதிகம் காசு செலவழிக்கத் தேவையில்லை. 2021 டிசம்பரில் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் தொடங்கியபோது 12 வகைக் காய்கறி விதைகள் மானிய விலையில் வந்தன. 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என்று 6 வகை விதைத் தொகுப்பு முழு மானியத்தில் கிடைத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் ஜூலையில் பாக்கெட் கைக்கு வந்ததும் ஆர்வத்தில் அன்றே பிரிக்கிறோம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வெயில் படாத அலமாரியில் புரட்டாசி வரை வைத்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

இந்த ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது மருந்து விஷயம். வெடியுப்பு என்று நாம் சொல்கிற பொட்டாசியம் நைட்ரேட்தான் உரக்கடையில் 13-0-45 என்ற பெயரில் விற்கிறது. கந்தகமும் இலைச் சாம்பல் நோய்க்கு மருந்து. 'ஆலையில் கிடக்கிறதே, ஒரு பிடி போட்டால் என்ன?' என்று ஒருவருக்குத் தோன்றினால் ஆச்சரியமில்லை. போடக் கூடாது. ஆலை மருந்தில் எது எதோடு கலந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. வீட்டுக்குள் கொண்டுவருவதே உயிருக்கு ஆபத்து. கடையில் வாங்கிய நனையும் கந்தகத்தைக்கூட வெயில் நேரத்தில் பாகல், வெள்ளரியில் அடித்தால் இலை கருகும். பட்டாசு மருந்தில் சேர்த்துவந்த பேரியம் நைட்ரேட் தண்ணீரில் கரையும் நஞ்சு. அதனால் வேலைக்குப் போட்டுப்போன துணியைத் துவைத்த தண்ணீரைக் கீரைப் பாத்திக்குத் திருப்பாதீர்கள். அரிசி, காய் கழுவிய தண்ணீர் பாத்திக்குப் போகட்டும். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகட்டும். துவைத்த தண்ணீர் சாக்கடைக்கே போகட்டும். தீபாவளிக் குப்பையை எரித்த சாம்பலும் தோட்டத்துக்கு ஆகாது.

அச்சகக் கழிவு வேறு கதை. அச்சு ஏறாத பழுப்பு அட்டையைப் பாத்தியில் பரப்பி, மேலே சருகு போட்டால் களையும் வராது, ஈரமும் போகாது. பளபளக்கும் கலர் ஆர்ட் பேப்பரை மண்ணில் போட வேண்டாம். அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: பளிச்சென்ற மஞ்சள் அட்டை கிடைத்தால் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள். வெள்ளை ஈ மஞ்சளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். கத்தரியில் நுனிக்கொழுந்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. ஒரு விரல் நீளம் கீழே கிள்ளி நசுக்கிவிட வேண்டும். மற்றப் பூச்சிகளுக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டித் தெளிப்பது போதும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வருகிற இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து மாலையில் தெளிக்கலாம். ஆட்டுக்குச் சீமைக்கருவேல முள் வேலி போதும். மயிலுக்கு வலை கட்டியே ஆக வேண்டும்; அதற்கு மட்டும் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

விதைக்கும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்பும் தினசரித் தாளில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் என்று போட்டிருக்கும். மேலே காய்ப்பதை மேல்நோக்கு நாளிலும் கிழங்கைக் கீழ்நோக்கு நாளிலும் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அன்றைய நட்சத்திரத்தை வைத்துச் சொல்வது அது. மண்ணின் ஈரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பதம் தப்பிவிடும் என்றால் நாள் பார்க்காமல் போடுங்கள். அந்தத் தாளின் பின்பக்கம் மட்டும் வீணாக வேண்டாம்: எந்த விதை, எங்கே வாங்கியது, என்று முளைத்தது என்று எழுதி ஒரு கம்பியில் கோத்துவைத்தால் அடுத்த வருடத் திட்டம் பாதி முடிந்த மாதிரி.

விதைக்காமல் வருவதும் கரிசலில் உண்டு. மழை பெய்ததும் காட்டோரம் அதலைக்காய் தானாகக் கொடியோடும். விரல் நுனியளவுக் காய், மேலே வரிவரியாக இருக்கும், பாகலை மிஞ்சும் கசப்பு. வெங்காயத்தோடு எண்ணெயில் சுருள வதக்கினால் சோற்றுக்கு வேறு தொடுகறி வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு கோடையில் உறங்கி, அடுத்த மழைக்கு எழும். தெரிந்தவர் காட்டிலிருந்து கேட்டு இரண்டு கிழங்கை வேலியோரம் புதைத்துவைத்தால், கொத்தும்போது வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வேலை.

தையில் ஆலை வேலை மறுபடி சூடு பிடிக்கும்போது, செடிகள் காய்ப்பில் இருக்கும். அப்போது பறிப்பதற்குப் பத்து நிமிடம், தண்ணீருக்குப் பத்து நிமிடம். மாசியில் தக்காளி ஓய்ந்ததும் அந்த இடத்தில் கொத்தவரையும் சாத்தூர் வெள்ளரியும் போடலாம். கிணறோ போரோ இருக்கும் வீட்டுக்கு மட்டும்தான் இது. மற்றவர்கள் பாத்தியைச் சருகால் மூடி, மண்ணைக் கோடை முழுக்க அப்படியே விட்டுவிடலாம். ஆனால் தக்காளியைப் பிடுங்குவதற்கு முன்பு, நோயில்லாத செடியில் இரண்டு பழத்தை நன்றாகப் பழுக்க விட்டு, விதையைப் புளிக்கவைத்துக் கழுவி, நிழலில் உலர்த்திச் சாம்பலோடு டப்பாவில் போட்டு, மூடியில் தேதியை ஒட்டிவையுங்கள். வீரிய ஒட்டு ரகம் என்றால் இதைச் செய்து பயனில்லை, பி.கே.எம். 1 மாதிரியான ரகத்துக்குத்தான் சரிவரும்.