ஓட்டல்கள் மீண்டுவிட்டன; நம் கடன் கணக்கு மீண்டதா?



தொட்டியம், முசிறி வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் நம்மில் பலருக்கு ஓட்டல்காரர்தான் பெரிய வாடிக்கையாளர். அவர் கடையில் இலை விழுந்தால்தான் நம் கடையில் மூட்டை நகரும். இந்த உறவு எவ்வளவு நெருக்கமானது, எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கொரோனா காலம் காட்டியது. இன்று ஓட்டல்கள் மீண்டு எழுந்துவிட்டன. ஆனால் அவை பழைய முறையில் நடக்கவில்லை. நாம் மட்டும் பழைய முறையிலேயே கடன் கொடுத்து வரலாமா?

நடந்ததை நினைவுகூர்வோம். 2020 மார்ச் 24 நள்ளிரவு முதல் நாடெங்கும் ஊரடங்கு. பங்குனியில் மதுரகாளியம்மன் திருவிழாக் கூட்டத்தை எதிர்நோக்கும் நேரம் அது. ஓட்டல்களில் பார்சல் மட்டுமே என்ற நிலை. ஜூன் 8 முதல் பாதி இருக்கைகளுக்கு அனுமதி கிடைத்தது. திருவரங்கம் போன்ற பெரிய ஆலயங்கள் செப்டம்பர் 1 முதல்தான் பக்தர்களுக்குத் திறந்தன. சற்று மூச்சு விட்ட நிலையில், 2021 மே 10 முதல் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. ஓட்டலிலும் திருமண மண்டபத்திலும் கூட்டம் குறைந்ததால் வாழை இலை வியாபாரமும் முடங்கியது.

மத்திய அரசு 2020இல் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் கொண்டுவந்தது. 2021 மார்ச் இறுதியில் ஓட்டல், சுற்றுலாத் தொழில்களுக்கு அது விரிவாக்கப்பட்டது. 2023 மார்ச் 31இல் முடிவுற்றது. வங்கி கொடுத்த பணத்துக்கு வட்டியும் உண்டு, அரசின் உத்தரவாதமும் உண்டு. மளிகைக்காரர் விட்டுவைத்த பாக்கிக்கு இரண்டும் இல்லை.

மாற்றங்கள் என்ன?

முதலாவது, பார்சல் விற்பனை நிலைத்துவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தாள்களுக்கும் தமிழகத்தில் தடை இருப்பதால், வாழை இலை, பாக்குமட்டைத் தட்டு, காகிதப் பை ஆகியவற்றுக்குத் தேவை உண்டு. வாழைக்குப் பேர்போன நம் ஊருக்கு இது நல்ல வாய்ப்பு.

இரண்டாவது, திருச்சி போன்ற நகரங்களில் ஸ்விக்கி, சொமேட்டோ வழியாக ஆர்டர் எடுக்கும் ஓட்டல்களுக்கு, கமிஷன் கழித்த பிறகே பணம் வருகிறது. விற்பனை பெருகியதாகத் தோன்றினாலும் கையில் நிற்பது குறைவு. கூட்டத்தைப் பார்த்துக் கடன் வரம்பை உயர்த்துவது தவறு.

மூன்றாவது, வாடிக்கையாளர்கள் கைப்பேசி வழியே செலுத்தும் பணம் உடனுக்குடன் ஓட்டல்காரரின் வங்கிக் கணக்கில் சேர்கிறது. ஆகவே மாதக் கடைசி வரை நாம் காத்திருக்க வேண்டிய காரணம் குறைந்துவிட்டது.

ஒரு கணக்கைப் பாருங்கள். தினம் 3,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கும் ஓட்டல் ஒன்று. மாதக் கணக்கு என்றால், ஊரடங்கு வந்த அன்று, மார்ச் 22 மக்கள் ஊரடங்கு நீங்கலாக, 23 நாள் பாக்கி 69,000 ரூபாய். சனிக்கிழமைதோறும் கணக்கு முடித்திருந்தால் திங்கள், செவ்வாய் இரு நாள் பாக்கி வெறும் 6,000 ரூபாய். வியாபாரம் ஒன்றே, கெடுதான் வேறு.

சட்டம் நமக்கு எந்த அளவு துணை நிற்கும் என்பதையும் அறிய வேண்டும். 2021 ஜூலை 2 முதல் சில்லறை, மொத்த வணிகர்களும் உத்யம் பதிவு பெறலாம். ஆனால் அந்தப் பயன் வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு வணிகர்களுக்குக் கிடையாது. பலர் உண்டென்று நம்பியிருக்கிறார்கள்.

கெடு குறிக்காமல் கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலையைக் கேட்டு வழக்குத் தொடர, சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே அவகாசம். உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விலக்கு அளித்தது. அப்படியும், ஊரடங்குக்கு முந்தைய பாக்கிக்கு இடையில் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்காதவர்களுக்கு 2025 தொடக்கத்திலேயே கெடு கடந்துவிட்டது.

இன்னொன்று. பெரும்பாலான ஓட்டல்கள் 5 சதவீத ஜி.எஸ்.டி. செலுத்துகின்றன, கொள்முதலில் கொடுத்த வரியை அவை திரும்பப் பெற இயலாது. எனவே "பில் வேண்டாம், வரியைக் குறையுங்கள்" என்று கேட்பவர் உண்டு. இணங்காதீர்கள். அது வரிக் குற்றம். அதோடு, பில் இல்லாத சரக்குக்குப் பாக்கி இருந்தது என்பதற்கே சாட்சி இராது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. ஓட்டல் கணக்கை வாரத்துக்கு ஒருமுறை முடியுங்கள். முந்தைய வாரப் பாக்கி நிற்கும்போது அடுத்த வாரச் சரக்கை ரொக்கத்துக்கே கொடுங்கள்.

2. ஒவ்வொரு பில்லிலும் சரக்குப் பெற்றவர் கையொப்பம் வாங்குங்கள்.

3. ஆண்டுதோறும் மார்ச் 31 அன்று நிலுவையைத் தேதியுடன் எழுதி ஓட்டல் உரிமையாளரிடம் கையொப்பம் பெறுங்கள். கெடு முடியுமுன் பெற்ற கையொப்பம் மூன்று ஆண்டு அவகாசத்தைப் புதுப்பிக்கும்.

நெடுநாள் பழகியவரிடம் கையெழுத்துக் கேட்பது எப்படி என்று கூச்சப்பட வேண்டாம். கணக்கு நேராக இருந்தால்தான் நட்பும் நீடிக்கும். ஓட்டல்காரர் நலிந்தால் கைகொடுப்போம். ஆனால் கொடுத்தது எவ்வளவு என்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.