மனவடுவுக்கு ஓர் ஆற்றுப்படை

தமிழ் இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை தனிச்சிறப்பு உடையது. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையில் வாடி எதிரே வருகின்ற தன் இனத்தானைக் காண்கிறான். "நானும் உன்னைப் போலவே இருந்தேன், இன்ன வள்ளலிடம் சென்றேன், என் வாட்டம் தீர்ந்தது, நீயும் இவ்வழியே செல்க" என்று ஆற்றுப்படுத்துகிறான். ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர்.

இங்கே வழிகாட்டுபவன் யார் என்பதை நோக்க வேண்டும். அவன் வள்ளலின் அமைச்சனோ ஏவலாளனோ அல்லன். பாணனுக்குப் பாணன், கூத்தனுக்குக் கூத்தன். பசித்தவனுக்குப் பசித்திருந்தவன் சொல்லே நம்பிக்கை தரும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். இவ்வுண்மையை இன்றைய மனநல மருத்துவமும் கையாளுகிறது. போர்முனையில் மனம் புண்பட்ட வீரர்களைச் சிகிச்சைக்கு அழைத்து வர, அதே நோயிலிருந்து மீண்ட வீரர்களையே பேசச் செய்து, அப்பேச்சைக் காணொளியாக வழங்கும் முறை அது.

நோயின் இயல்பை முதலில் காண்போம். உயிருக்கே ஊறு நேரும் நிகழ்ச்சிகளைக் கண்டவர் சிலருக்கு, அந்நிகழ்ச்சி முடிந்த பின்னும் முடிவதில்லை. கனவில் வருகிறது; ஓர் ஓசையிலோ நாற்றத்திலோ மீண்டும் கண்முன் நிற்கிறது. உறக்கம் கெடுகிறது, சினம் மிகுகிறது, மனைவி மக்களோடும் ஒட்ட முடிவதில்லை. அதனை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் அவர் விலக்கி வாழ்கிறார். முதல் உலகப் போரில் 'ஷெல் ஷாக்' எனப்பட்ட துன்பமும் இவ்வகையினதே. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நோயைத் தன் நோய்ப்பட்டியலில் தனிப்பெயரிட்டுச் சேர்த்தது. 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' என்று தமிழில் வழங்குவர்.

இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. பயிற்சி பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ துணையிருக்க, அஞ்சிய நினைவைச் சிறிது சிறிதாக அணுகிப் பழகும் முறை ஒன்று. அந்நிகழ்ச்சியால் மனத்தில் வேரூன்றிவிட்ட 'எல்லாம் என் குற்றமே' என்பன போன்ற எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் முறை மற்றொன்று. இது பெரும்பாலும் 12 அமர்வுகளில் நிறைவுறும். இருந்தும் வீரர் பலர் மருத்துவரிடம் செல்வதில்லை. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குச் சென்ற அமெரிக்கப் படையினரைப் பற்றிய ஆய்வொன்று 2004இல் வெளியாயிற்று. மனநோயின் அறிகுறிகள் காணப்பட்டவர்களுள் நூற்றுக்கு 23 முதல் 40 பேர் மட்டுமே உதவி பெற்றனர். 'கோழை என்பார்களே, மேலதிகாரி வேறு கண்ணால் பார்ப்பாரே' என்ற அச்சம், உதவி மிகவும் தேவைப்பட்டவர்களிடமே மிகுந்திருந்தது!

இந்நாணம் நமக்குப் புதிதன்று. மார்பில் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றிய நம் மரபு, முதுகில் பட்டதைப் புறப்புண் என்று இகழ்ந்தது. வெண்ணிப் போரில் புறப்புண் உற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர் நீத்ததைப் புறநானூறு கூறும். மனத்தில் பட்ட புண்ணையும் வீரர்கள் இவ்வாறே புறப்புண்ணாகக் கருதி மறைக்கின்றனர். மருத்துவர் எத்துணை எடுத்துரைத்தாலும், 'இவர் போர்க்களம் கண்டவரா?' என்ற ஐயம் உள்ளத்தில் எழுகிறது. தன்னோடொத்த வீரன் ஒருவன், "எனக்கும் இருந்தது, நான் சென்றேன், தேறினேன்" என்று சொல்லும்போது அவ்வையம் தளர்கிறது. இதன்பொருட்டே அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் தேசிய மனவடு நோய் மையம் 2012இல் 'அபௌட் ஃபேஸ்' என்னும் காணொளித் தொகுப்பைத் தொடங்கியது. வீரர்களும் அவர்தம் குடும்பத்தாரும், சிகிச்சை அளிப்போரும் அதில் தம் வாயாலேயே பேசுகின்றனர்.

படத்தில் ஒருவரைக் கண்டு மற்றவர் அச்சம் தீருமா என வினவலாம். ஆல்பர்ட் பாண்டுரா என்னும் உளவியல் அறிஞர் நாய்க்கு அஞ்சும் சிறுவர்களை வைத்து இதனை ஆராய்ந்தார். நாயோடு அஞ்சாமல் பழகும் சிறுவரைக் காட்டும் படங்களைப் பார்த்த குழந்தைகளின் அச்சம் குறைந்தது. ஒரே சிறுவனைக் காட்டிய படத்தைவிட, பல சிறுவர் பலவகை நாய்களோடு பழகும் படமே மிகுந்த பயன் தந்தது. 1968இல் வெளிவந்த முடிவு இது. 1971இல் டொனால்ட் மைக்கன்பாம் மற்றொன்றைக் கண்டார். தொடக்கம் முதலே அஞ்சாதவனைக் காண்பதைவிட, முதலில் நடுங்கிப் பின் அச்சத்தை வெல்பவனைக் காண்பதே அஞ்சுவோர்க்கு மிகுதியும் துணை செய்தது.

இக்கருத்தை நம் ஆற்றுப்படைகளிலும் காணலாம். பொருநராற்றுப்படையில் பேசும் பொருநன், ஈரும் பேனும் குடியேறிய தன் கந்தலை மறைக்கவில்லை. அதனை முதலில் சொல்லியே கரிகாலன் தந்த ஆடையைச் சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையிலோ, உப்பின்றி வேகவைத்த கீரையைப் பிறர் காண நாணிக் கதவை அடைத்து உண்ட குடும்பத்தின் நிலை கூறப்படுகிறது. அடைத்த கதவுக்குள் இருந்தவனே அதை வெளியில் சொன்னால், இன்னும் கதவடைத்து இருப்பவனுக்கு அது எத்துணை ஆறுதல்! மலைபடுகடாமோ வழியின் இடர்களையும் ஒளிக்கவில்லை. பன்றிக்கு வைத்த பொறி, யானையை விரட்ட எறியும் கவண்கல், பாம்பு இவற்றையெல்லாம் முன்கூட்டியே கூறி எச்சரிக்கிறது. நல்ல காணொளியும் அவ்வாறே இருத்தல் வேண்டும். 'முதல் சில அமர்வுகள் கடினமாக இருந்தன. விட்டுவிடலாமா என்று தோன்றியது. ஆனால் தொடர்ந்தேன்' என்று சொல்பவரே நம்பத்தக்கவர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1942-43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவிலும் பட்டினியிலும் மடிந்தோர் மிகப் பலர். உயிர் தப்பியவர்கள் படைவீரர் அல்லர் எனினும், போரின் வடுவைச் சுமந்தவர்களே. அதே பாதையில் உழன்று நாடு திரும்பிய பிரிட்டிஷ் போர்க்கைதிகளை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி பல ஆண்டுகள் கவனித்துச் சிகிச்சை அளித்தது. அவர்களுக்குச் சங்கங்களும் இருந்தன. தோட்டத்துக்குத் திரும்பிய தமிழருக்கு அத்தகைய ஏற்பாடு இருந்ததில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அத்துயரைப் பேசின. முதுமையில் சிலர் படக்கருவியின் முன்னும் பேசினர். அவை வரலாற்றுக்குப் பெருஞ்செல்வம். எனினும், அவர்களால் துயரைச் சொல்ல முடிந்ததேயன்றி, 'இன்னாரிடம் சென்றேன், தேறினேன்' என்று சொல்ல முடியவில்லை. செல்வதற்கு வாயிலே இருக்கவில்லை. ஆற்றுப்படைக்குக் கந்தல் மட்டும் போதாது. திறந்த வாயிலும் வேண்டும்.

இன்று நிலை வேறு. மலேசியாவில் அரசாங்கச் சுகாதார நிலையத்து மருத்துவரிடம் முதலில் சொல்லி, அங்கிருந்து மனநல மருத்துவரிடம் செல்ல வழியுண்டு. படையிலும் போலீசிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழர் நம்மிடையே உள்ளனர். கம்போங் ராஜா போன்ற மலையூரில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவர் எங்கே போகிறார் என்பது அண்டை வீட்டுக்குத் தெரியாமல் இராது. அத்தகைய இடத்தில் பிறர் அறியாமல் தனியே கைப்பேசியில் காணத்தக்க கதையின் பயன் பெரிது. அது தமிழிலும் இருக்க வேண்டும். 'பேய் பிடித்தது', 'குடியால் கெட்டான்' என்று ஊரார் சொல்லும் சொற்களுக்குப் பின்னே நோய் இருக்கக்கூடும் என்பதைத் தம் மொழியில் கேட்டால்தான் மனம் ஏற்கும்.

எல்லையையும் அறிதல் வேண்டும். மனநோய் பற்றிய இழிவெண்ணத்தைப் போக்குவதில், காணொளியைவிட நேரில் சந்தித்துப் பேசுவதே ஆற்றல் மிக்கது எனப் பாட்ரிக் காரிகனும் பிறரும் 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டனர். காணொளி மருத்துவமும் ஆகாது. மருத்துவத்துக்கு வழியே ஆகும். பேசுபவர் முழு மனத்தோடு இசைந்திருக்க வேண்டும். குருதிக் காட்சிகளை விரித்துப் பார்ப்பவர் புண்ணைக் கிளறுதல் கூடாது. செல்ல வேண்டிய இடத்தைத் தெளிவாகச் சொல்லி முடித்தல் வேண்டும்.

வகுப்பில் ஆற்றுப்படையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனையும் ஒரு சொல் சேர்த்துக் கூறலாம். கேட்கும் மாணவரின் வீட்டிலும் இரவில் அலறி விழிக்கும் தாத்தாவோ தந்தையோ இருக்கலாம். அவருக்கு வழி உண்டு என்பதை அப்பிள்ளை அறிந்து சென்றால், பழந்தமிழ்ப் பாணன் காட்டிய ஆறு இன்றும் ஒருவரை நல்லிடம் சேர்க்கும்.