நூடுல்ஸின் சுவை உப்பில் மட்டும் இல்லை

சிறுநீரக நோய்ப் பிரிவின் புறநோயாளர் அறையில் சற்றுத் தயக்கத்தோடு கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "எப்போதாவது ஒரு பாக்கெட் நூடுல்ஸ் கொடுக்கலாமா, டாக்டர்?" கேட்பவர் பெரும்பாலும் நோயாளியின் மனைவியாகவோ மகளாகவோ இருப்பார். உப்புக் குறைத்த சோற்றையும் குழம்பையும் ஒதுக்கிவிடும் நோயாளி, நூடுல்ஸை மட்டும் விரும்பி உண்கிறார். பட்டினி கிடப்பதைவிட இது மேலல்லவா என்று வீட்டார் எண்ணுகின்றனர். அந்த எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. நீண்டகால நோயில் பசியின்மையும் ஒரு தீங்குதான். ஆகவே "கூடாது" என்ற ஒற்றைச் சொல்லோடு இதனை முடித்துவிட இயலாது. நூடுல்ஸில் எது தீங்கு செய்கிறது, அதனை நீக்கிய பிறகும் சுவையை எவ்வாறு காப்பாற்றுவது என்பதைத் தெரிந்துகொள்வதே பயனுள்ளது.

உறையைப் படிக்கும் முறை

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இது ஏறத்தாழ 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குச் சமம். உணவு உறைகளில் பெரும்பாலும் உப்பின் அளவு இராது. சோடியத்தின் அளவே இருக்கும். அதனை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: 100 கிராமுக்கு 1,200 மில்லிகிராம் சோடியம் என்று உறையில் அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். பாக்கெட்டின் எடை 70 கிராம் என்றால், அதில் 840 மில்லிகிராம் சோடியம், அதாவது சுமார் 2.1 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாளைய அளவில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே தட்டில் தீர்ந்துவிடுகிறது. பெரிய பாக்கெட்டுகளிலும் சூப்புடன் கூடிய வெளிநாட்டு வகைகளிலும் இதைவிட மிகுதியாக இருப்பதுண்டு.

இந்த உப்பு உடலில் நீரைப் பிடித்து வைக்கிறது, தாகத்தையும் தூண்டுகிறது. சிறுநீரகம் நன்கு இயங்குபவருக்கு மிகுதியான உப்பு சிறுநீரில் வெளியேறிவிடும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. அவர் குடிக்கும் நீர் அடுத்த டயாலிசிஸ் வரை உடலிலேயே தங்கி, எடை ஏற்றமாகவும் கால் வீக்கமாகவும் மூச்சுத் திணறலாகவும் வெளிப்படுகிறது. இதயம் பலவீனமானவர்களுக்கும் இதே இடர் உண்டு.

பொடி தனியே இருப்பதன் நன்மை

ஜப்பானில் 1958ஆம் ஆண்டு மொமொஃபுகு ஆண்டோ முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த உடனடி ராமென் நூடுல்ஸில் சுவையூட்டி தனியே இல்லை, நூடுல்ஸிலேயே ஏற்றப்பட்டிருந்தது. மசாலாப் பொடியைத் தனிச் சிறு பொட்டலத்தில் வைக்கும் வழக்கம் பின்னர்தான் வந்தது. நோயாளிகளைப் பொறுத்தவரை இது நல்ல மாற்றம். உப்பின் பெரும்பகுதி அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது. அதில் எவ்வளவு சேர்ப்பது என்பது சமைப்பவரின் கையில் இருக்கிறது. கோப்பையில் வரும் நூடுல்ஸ் பலவற்றில் பொடி முன்பே கலந்திருப்பதால் இந்த வசதி இல்லை. அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

மாவிலும் சிறிது உப்பு உண்டு. எனவே நூடுல்ஸை மிகுதியான வெந்நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிடுங்கள். இதனால் சோடியத்தில் ஒரு பகுதியும், பொரித்த எண்ணெயில் சிறிதும் வெளியேறும். பொட்டலத்தில் முதல் முறை பாதியைச் சேருங்கள். பழகிய பின் மூன்றில் ஒரு பங்காகவும், பிறகு கால் பங்காகவும் குறையுங்கள். குறைந்த உப்புக்கு நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும். ஒரே நாளில் முழுவதையும் நிறுத்தினால் நோயாளி தட்டைத் தள்ளிவிடுவார்.

எதைச் சேர்க்கலாம்?

உப்பின் இடத்தை ஒரே பொருளால் நிரப்ப முடியாது. மணம், காரம், புளிப்பு ஆகிய மூன்றையும் சிறிது சிறிதாகச் சேர்த்தால் உப்பின் குறை பெரிதாகத் தெரிவதில்லை.

மணத்துக்கு: ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சீரகம், நசுக்கிய பூண்டு இரண்டு பல், துருவிய இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, வடித்த நூடுல்ஸை அதில் புரட்டுங்கள். இறக்கியபின் சில துளி நல்லெண்ணெயும் நறுக்கிய வெங்காயத்தாளும் சேர்க்கலாம். எள்ளெண்ணெய், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் ஆகியவை ஜப்பானிய ராமென் சமையலிலும் வழக்கமானவையே.

காரத்துக்கு: அப்போது இடித்த மிளகு. கடையில் வாங்கும் கலவைப் பொடிகளில் உப்பு கலந்திருக்கலாம். உறையைப் பார்த்து வாங்குங்கள்.

புளிப்புக்கு: அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. புளிப்பு, இருக்கும் சிறிதளவு உப்பையும் நாவுக்கு எடுத்துக் காட்டும்.

மசாலாப் பொடியைக் கொதிநீரில் கரைக்காமல் கடைசியில் மேலாகத் தூவினால், குறைந்த அளவே போதுமான சுவை தரும். சூப்பாகச் செய்தால், அடியில் எஞ்சும் நீரைக் குடிக்காமல் விட்டுவிடுவது நல்லது. கரைந்த உப்பு அதில்தான் இருக்கிறது. புரதத்துக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்க்கலாம்.

அஜினோமோட்டோ பற்றிப் பலர் கேட்கின்றனர். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908ஆம் ஆண்டு கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட்டின் உப்பு வடிவம் அது. எடைக்கு எடை, சாதாரண உப்பில் உள்ள சோடியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அதில் இருக்கிறது. ஆனால் உப்பை அப்படியே வைத்து அதற்கு மேல் இதனையும் சேர்த்தால் சோடியம் கூடவே செய்யும். "அஜினோமோட்டோ சேர்க்கப்படவில்லை" என்ற வாசகத்துக்கு "உப்புக் குறைவு" என்று பொருள் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எதைச் சேர்க்கக் கூடாது?

முதலாவது, சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படும் மாற்று உப்பு. அவற்றுள் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கும், பொட்டாசியத்தைக் கூட்டும் சில இரத்த அழுத்த, இதய மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து, இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம். உங்கள் மருத்துவரைக் கேட்காமல் அதனை வாங்காதீர்கள்.

இரண்டாவது, சோயா சாஸ். ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. பொட்டலத்தைக் குறைத்துவிட்டு இதனை ஊற்றினால் பயனில்லை. தக்காளி சாஸ், ஊறுகாய், அப்பளம் ஆகியவையும் அதே வரிசையில் வருவனவே.

மூன்றாவது, பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துமாறு அறிவுறுத்தப்பட்டவர்களுக்குத் தக்காளியும் கீரையும் மிகுதியாகச் சேர்ப்பது. அவர்களுக்குக் கோஸ், பீன்ஸ், கேரட் போன்றவற்றை நறுக்கி, மிகுதியான நீரில் வேகவைத்து, நீரை வடித்துச் சேர்ப்பது ஏற்றது.

இவ்வளவு செய்தாலும் நூடுல்ஸ் பெரும்பாலும் மைதாவும் எண்ணெயும்தான். அன்றாட உணவாக அது ஆகிவிடக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவைப் பாதியாக்கி, காய்கறியைக் கூட்ட வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை உங்கள் உணவியல் நிபுணரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சாப்பிட்ட மறுநாள் காலையில் எடை பாருங்கள். எடை திடீரென ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுக்கும்போது மூச்சு முட்டினாலோ, அடுத்த சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள்.

பராமரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளிக்கு மட்டும் தனியாக ஒரு சட்டியில் உப்புக் குறைத்துச் சமைக்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே சட்டியில் செய்யுங்கள். வேண்டுவோர் தம் தட்டில் தூவிக்கொள்ளட்டும். உப்புக் குறைந்த உணவைவிட, தாம் மட்டும் ஒதுக்கப்பட்டோம் என்ற எண்ணமே பல நோயாளிகளின் பசியைக் கெடுக்கிறது.