மைக்ரோ எடுக்கலாமா?

நீட் முடிவு வந்த மறுநாள் பல வீடுகளில் இந்தப் பேச்சு அடிபடும். "கட் ஆஃப் வராது போலிருக்கு. பேசாம பி.எஸ்சி. மைக்ரோவில் சேர்த்துவிடுங்க. அதுவும் மெடிக்கல் லைன்தானே?" என்பார் உறவில் ஒருவர். அப்பா தலையாட்டுவார். பிள்ளை வாயைத் திறக்காது. மைக்ரோபயாலஜிக்கு இந்த வாசல் வழியாக வந்து சேருகிறவர்கள் நிறையப் பேர். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் உறவினர் சொன்னது பாதிதான் சரி.

மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளத் தரமணிக்கு ஒரு நடை போய்வரலாம். ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள்தான் முதலில் கண்ணில் படும். அவற்றுக்கு நடுவே சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல். முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனம் இருக்கிறது. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி தொடங்கிய வி.எச்.எஸ். மருத்துவமனை, 1988-ல் உருவான எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், டைசல் பயோ பார்க் எல்லாமே பக்கத்தில்தான். நோய், மண், மருந்து என்று நுண்ணுயிரை வைத்து நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வட்டாரத்தில் ஒரு முகவரி உண்டு. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடலாம்: ஏ.எல்.எம். நிறுவனம் பெயரிலேயே முதுநிலை. பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே போக முடியாது. நடுவே மூன்று வருடம் இருக்கிறது.

அந்த மூன்று வருடத்தில் பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, நோயெதிர்ப்பியல், மரபியல், உயிர்வேதியியல், உணவு, மண், தொழிற்சாலை நுண்ணுயிர்கள் என்று தாள்கள் போகும். பாடத்திட்டம் பல்கலைக்கழக இணையதளத்தில் கிடைக்கும். அதில் கிடைக்காதது லேப்.

கிராம் ஸ்டெயினை எடுத்துக்கொள்வோம். டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் வெளியிட்ட முறை. இன்றும் முதல் செமஸ்டரிலேயே செய்யச் சொல்வார்கள். ஸ்லைடில் ஒரு துளி தண்ணீர், அதில் லூப்பால் தொட்டெடுத்த காலனி. காயவிட்டு, தீயில் லேசாகக் காட்டி ஒட்டவைக்க வேண்டும். கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், பிறகு ஆல்கஹால். சிக்கல் இங்கேதான். சில விநாடி கூடிப்போனால், ஊதாவாக நிற்க வேண்டிய ஸ்டெஃபைலோகாக்கஸ்கூட சாயத்தை விட்டுவிட்டு, கடைசியில் ஊற்றும் சாஃப்ரனினில் சிவந்து நிற்கும். சில விநாடி குறைந்தால் ஈ.கோலையும் ஊதாதான். எத்தனை விநாடி என்று புத்தகம் சொல்லும். நீங்கள் பூசிய படலம் தடிமனா மெல்லிசா என்று புத்தகத்துக்குத் தெரியாது. இதைக் கைதான் கற்க வேண்டும். சும்மா ஒரு நிற விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஆபத்தான தொற்றோடு வரும் நோயாளிக்கு எந்த ஆன்டிபயாடிக்கை முதலில் தொடங்குவது என்ற முடிவுக்கு இந்த ஊதாவும் சிவப்பும் இன்றும் துணை.

அடுத்தது சுத்தம். ஆட்டோகிளேவ் 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில், 15 நிமிடம். நம் வீட்டு பிரஷர் குக்கரின் பெரிய அண்ணன்தான் அது. வெளியே எடுத்த அகார் மீடியாவைச் சூடாக ஊற்றினால் பிளேட் மூடியில் நீர் முத்துக்கள் கோத்துக்கொள்ளும். ஆறவிட்டால் குடுவையிலேயே கட்டிதட்டும். 45, 50 டிகிரி வாக்கில், கன்னத்தருகே கொண்டுபோனால் பொறுக்கிற சூட்டில் ஊற்றிவிட வேண்டும். பிறகு காத்திருப்பு. ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மறுநாள் காலை காலனி தெரியும். காசநோய்க் கிருமிக்கு அந்த அவசரமே கிடையாது. திட மீடியாவில் வளர ஆறு, எட்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். உடனே விடை வேண்டும் என்கிற பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது என்றே நினைக்கிறேன்.

தரமணியின் பெயர் உலக மருத்துவ இதழ்களில் அடிபட்ட ஒரு கதையைச் சொன்னால் இந்தப் படிப்பின் இயல்பு இன்னும் விளங்கும். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பது நம் ஊர் வழக்கம். பெரும்பாலானோருக்குச் சரியாகியும்விடும். ஆனால் மஞ்சள் காமாலையாக வெளிப்படும் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே ஆறிவிடுகிற நோய். அப்படியானால் குணப்படுத்தியது இலையா, உடம்பா? ஏ.எல்.எம். நிறுவனத்தில் மைக்ரோபயாலஜி பேராசிரியராக இருந்தவர், பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான எஸ்.பி. தியாகராஜன். அவருடைய குழு, ஹெபடைட்டிஸ் பி வைரஸை நீண்ட நாளாக உடம்பில் சுமப்பவர்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்களிடமிருந்து வைரஸ் தானாக விலகுவது அரிது என்பதால், மாற்றம் தெரிந்தால் அதை மருந்தின் கணக்கில் எழுதலாம்.

ஒரு பிரிவுக்குக் கீழாநெல்லிப் பொடி, மற்றொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை, 30 நாள். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் காணாமல் போனது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. 1988-ல் 'லான்செட்' இதழில் வந்த இந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் ஒருவர். ஊரே கொண்டாடியிருக்க வேண்டிய முடிவு.

அதற்குப் பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள். அந்த அளவு பலன் தென்படவில்லை. செடி வளர்ந்த மண், இனம், பொடி செய்த விதம் என்று காரணங்கள் அலசப்பட்டன. இன்றுவரை ஹெபடைட்டிஸ் பி-க்கு நிரூபணமான மருந்துகளின் பட்டியலில் கீழாநெல்லி ஏறவில்லை. இதில் தரமணிக்கு ஒரு தலைக்குனிவும் இல்லை என்பது என் கருத்து. பாட்டி வைத்தியத்தைக் கும்பிடாமலும் கேலி செய்யாமலும் எண்ணிப் பார்த்தார்கள். மற்றவர்களும் எண்ணிப் பார்க்கும்படி எழுதிவைத்தார்கள். 'கண்ட்ரோல்' என்றால் என்ன என்று முதலாண்டு வகுப்பில் விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது அந்த 'மெடிக்கல் லைன்'. 1986-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். சென்னையில் அப்போது பரிசோதனை வசதி கிடையாது. நிர்மலா ரத்த மாதிரிகளை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றி, ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. சுனிதி 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பு தரமணி வி.எச்.எஸ். வளாகத்தில் பல்லாண்டுகள் இயங்கியது. கவனிக்க வேண்டியது இது: இருவருமே மருத்துவம் படித்துவிட்டு மைக்ரோபயாலஜிக்கு வந்தவர்கள். அது எம்.பி.பி.எஸ்., எம்.டி. பாதை. பி.எஸ்சி., எம்.எஸ்சி. பாதை வேறு, அதில் போகிறவர் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் ஆவதில்லை. மருத்துவமனை லேப்களில் டெக்னீஷியன் வேலைக்குக்கூட பெரும்பாலும் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பான டி.எம்.எல்.டி. அல்லது பி.எஸ்சி. எம்.எல்.டி.தான் கேட்கிறார்கள். சேரும் முன்பே இதைப் பிள்ளையிடம் உடைத்துச் சொல்லிவிடுவது நல்லது.

அப்படியானால் வேலை எங்கே? உணவு, பால், குடிநீர், மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளில். பால் பண்ணையில் பாலோடு மெத்திலீன் ப்ளூ கலந்து 37 டிகிரி தண்ணீரில் வைப்பார்கள். கிருமி மிகுந்த பாலில் நீலம் அரை மணிக்குள் வெளுத்துவிடும். ஐந்து மணி நேரம் தாக்குப்பிடித்தால் மிக நல்ல பால். ஊசி மருந்து தயாரிக்கும் கம்பெனியில் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து 14 நாள் வளர்ப்பில் வைத்து, ஒன்றும் வளரவில்லை என்று உறுதி செய்த பிறகே சரக்கு வெளியே போகும். ஒன்றும் நடக்காமல் இருப்பதைப் பதிவு செய்வதற்குச் சம்பளம். சிலருக்கு இது அலுப்பு. சிலர் இதிலேயே மேலாளராகி ஓய்வு பெறுகிறார்கள்.

அரசு வேலையில் அதிகம் பேர் கவனிக்காத ஒன்று உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவி. அதற்கான பட்டங்களின் வரிசையில் மைக்ரோபயாலஜியும் உண்டு. உணவுப் பகுப்பாய்வாளர் ஆக வேண்டுமானால் எம்.எஸ்சி. வேண்டும். பள்ளி ஆசிரியர் எண்ணம் இருந்தால் பட்டத்தின் இணைத் தகுதி பற்றிய அரசாணையைச் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள். ஆராய்ச்சிக்குப் போக எம்.எஸ்சி., பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட். ஆக மூன்று வருடத்தில் முடியும் படிப்பு என்று கணக்குப் போடாமல், ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வதுதான் யதார்த்தம். குடும்பத்தில் உடனே வருமானம் வேண்டிய நிலை இருந்தால் எம்.எல்.டி. பக்கமும் ஒரு பார்வை பார்க்கலாம்.

கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் முதல்வர் அறையோடு திரும்பிவிடாதீர்கள். லேப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இன்குபேட்டர் ஓடுகிறதா, உள்ளே பிளேட் இருக்கிறதா, ஒரு மைக்ராஸ்கோப்புக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். தாழ்வாரத்தில் அகப்படும் இரண்டாமாண்டு மாணவர் யாரிடமாவது, "கிராம் ஸ்டெயின் கடைசியா எப்போப்பா போட்டே?" என்று கேளுங்கள். "எங்க சார் செஞ்சு காட்டினாரு" என்று பதில் வந்தால், அடுத்த கல்லூரிக்கு நடையைக் கட்டலாம்.