எழுபது வளைவுகளுக்கு மேலே ஓர் ஆன்டெனா

நைலான் கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, சில்வர் ஓக் மரத்தின் உச்சிக் கிளையைக் குறிவைத்து வீசினார் ஒருவர். இரண்டு முறை கல் கிளையில் பட்டுத் திரும்பியது. மூன்றாவது முறை கிளையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. கயிற்றை இழுக்க இழுக்க, அதோடு கட்டியிருந்த செம்புக் கம்பி மேலே ஏறியது. பக்கத்தில் மிளகுக் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் வேலியோரம் வந்து நின்றார்.

“கரண்டு கம்பியா தம்பி?”

“இல்லீங்க ஐயா, ரேடியோ கம்பி.”

“பாட்டு வருமா?”

“பாட்டு வராதுங்க. ஆளுங்க பேசுவாங்க.”

கொல்லிமலையில், செம்மேட்டைத் தாண்டி ஒரு மேட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை. சேலம், நாமக்கல் பக்கத்து ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு ரேடியோ ஆர்வலர்கள், நான்கு பேர் காரவள்ளி அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்திருந்தார்கள். கார் டிக்கியில் 12 வோல்ட் பேட்டரி ஒன்று, ரிக் எனப்படும் ரேடியோ செட் இரண்டு, கோஆக்ஸ் கேபிள் சுருள், தூக்குப் போசியில் புளிசாதம். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபீல்டு டே. வீட்டு மின்சாரமும் மொட்டைமாடிக் கம்பமும் இல்லாத இடத்தில் ஒரு நிலையத்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்த முடியும் என்று தங்களையே சோதித்துக்கொள்ளும் நாள்.

கம்பி கட்டும் வேலை முடிவதற்குள்ளேயே, ஒருவர் 5 வாட் கையடக்க செட்டை எடுத்துக்கொண்டு பாறை விளிம்புக்குப் போய்விட்டார். “சிக்யூ, சிக்யூ, சிக்யூ டூ மீட்டர். திஸ் இஸ் விக்டர் யூனிஃபார்ம்…” யாராவது கேட்கிறீர்களா என்று பொதுவாக அழைப்பதுதான் சிக்யூ. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் திருச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது. அடுத்து கரூர். அடுத்து பெரம்பலூர். “ஓஎம், அடுத்த தெருவுல நின்னு பேசுற மாதிரி இருக்கு உங்க சிக்னல்” என்றார் திருச்சிக்காரர். வயது வித்தியாசம் இல்லாமல் எல்லா ஆண்களும் அவர்களுக்கு ஓஎம்தான். ‘ஓல்டு மேன்’ என்பதன் சுருக்கம் அது.

எப்படி இவ்வளவு தூரம்? அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. இரண்டு மீட்டர் அலைவரிசை, அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, பெரும்பாலும் நேர்கோட்டில்தான் பாயும். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்ததாகச் சங்கப் பாட்டு சொல்கிறதே, அந்த மாதிரி. ஆனால் எதிரே ஒரு மலை நின்றால் இந்த அம்பு நின்றுவிடும். ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை ஏறக்குறைய நாலால் பெருக்கினால், அலை எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைத்துவிடும். சமவெளியில் செட்டைக் கையில் பிடித்து நிற்பவருக்கு அது 5 கிலோமீட்டர். கொல்லிமலையின் 1,300 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு 150 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதே செட்தான், அதே பேட்டரிதான்.

இதனால்தான் ஹாம்களுக்கு மலைமேல் இத்தனை ஆசை. சமவெளிச் செட்களின் மெலிந்த சிக்னலை ஒரு அலைவரிசையில் வாங்கி, இன்னொன்றில் உரக்கத் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரை உயரமான இடம் தேடி வைப்பதும் இதற்காகத்தான்.

மரத்தில் ஏறிய செம்புக் கம்பியின் வேலை வேறு. அது 40 மீட்டர் அலைவரிசைக்கான டைபோல், பக்கத்துக்குப் பத்து மீட்டராக மொத்தம் 20 மீட்டர் கம்பி. இதைத் தாழ்வாகக் கட்டினால் அலை நெட்டுக்குத்தாக மேலே போய், வானின் அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்ததுபோல் சுற்று வட்டாரம் முழுவதும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். பள்ளத்தில் இருந்தாலும், சுற்றிலும் மலை மறைத்தாலும் கவலையில்லை. ‘நாடு’ எனப்படும் ஊர்த்தொகுதிகளாகப் பிரிந்து கிடக்கும் கொல்லிமலையின் பள்ளத்து ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கியபோது, என் கைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்ததைப் பார்த்துக்கொண்டேதான் போனேன். அங்கே ஒருவர் கால் தவறி விழுந்தால், செய்தி மேலே வருவதற்கே ஒரு ஆள் ஓட வேண்டும்.

பதினொரு மணி வாக்கில் சிறுவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கடைக்குப் போய்த் திரும்பிய ஒரு பெண்ணும் நின்றாள். ஒன்பதாம் வகுப்பு, வயது 14 என்றாள். அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் கேட்டாள். அப்புறம் மெதுவாக, “அண்ணா, நான் பேசலாமா?” என்றாள்.

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “முடியாதும்மா. லைசென்ஸ் இருந்தாதான் பேசலாம். நீ கேக்கலாம்” என்றார் மூத்தவர். சட்டப்படி அவர் சொன்னது சரி. அவள் தலையாட்டிவிட்டு, போகும்வரை கேட்டுக்கொண்டேதான் நின்றாள்.

எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. மலை அவளுடையது. அந்த உயரத்தின் பயனெல்லாம் அன்றைக்கு ஊரிலிருந்து வந்த நாலு பேருக்கு. மாலையில் கம்பியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு அவர்கள் இறங்கிவிடுவார்கள். ஏதாவது ஒரு ராத்திரி வளைவுகளில் மண் சரிந்து, மரம் விழுந்து, மின்சாரமும் டவரும் போனால், இந்த மலையின் 150 கிலோமீட்டர் குரலை யார் எழுப்புவது?

ஹாம் வானொலியைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு 2004 சுனாமியை நினைவூட்ட வேண்டும். பல ஆண்டுகளாக ஹாம் நிலையம் எதுவும் இயங்காதிருந்த அந்தமானுக்கு, அந்த ஆண்டு டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு ஒன்று அனுமதி பெற்றுப் போயிருந்தது. டெல்லியைச் சேர்ந்த ஒரு பெண் ஹாம் அதன் தலைவி. அரிதான இடத்திலிருந்து பேசி உலக ஹாம்களை மகிழ்விப்பதுதான் பயணத்தின் நோக்கம். டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சற்று முன் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தபோது, போர்ட் பிளேர் விடுதியில் அந்தக் குழு இருந்தது. தொலைபேசி போயிற்று, மின்சாரம் போயிற்று. அவர்கள் நிலையத்தைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, ஜெனரேட்டரில் ஓட்டி, தீவுக்கும் தாய்நிலத்துக்கும் நடுவே செய்தி கடத்தினார்கள். உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று தவித்த குடும்பங்களுக்கு ஒரு வரித் தகவல் போய்ச் சேர்ந்தது. பிறகு கார் நிகோபாரிலும் நிலையம் அமைத்தார்கள். விளையாட்டாகப் போன இடத்தில், வியூ4ஆர்பிஐ என்ற அழைப்புக் குறி மீட்புப் பணியின் குரலாக மாறியது.

அதில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது ஒன்றைத்தான். அந்தக் குழு அந்த வாரம் அங்கே இருந்தது தற்செயல். ஒரு மாதம் முன்னே பின்னே போயிருந்தால்? தீவில் உள்ளூர் ஹாம்கள் நிறையப் பேர் இருந்திருந்தால் தற்செயலை நம்பியிருக்க வேண்டியதே இல்லை. கொல்லிமலையும் ஒருவகையில் தீவுதான்.

இப்போது டவர்கள் பெருகிவிட்டன, சாட்டிலைட் போன் இருக்கிறது, காவல் துறையிடம் வயர்லெஸ் இருக்கிறது, இனி ஹாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபின் டெல்டாவில் கைபேசி வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கவலை ஹாம்களுக்குள்ளேயே இருக்கிறது. அன்று வந்த நால்வரில் இளையவருக்கு 41 வயது. காலை ஏழு மணிக்கு ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடும் ‘நெட்’டில் பெயர் கூப்பிடும்போது, பதில் வராத அழைப்புக் குறிகள் ஏறிக்கொண்டே போகின்றன என்றார் மூத்தவர். இறந்த ஹாமை அவர்கள் ‘சைலண்ட் கீ’ என்பார்கள், தட்டுவாரில்லாமல் அமைதியாகிவிட்ட மோர்ஸ் சாவி. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேட்டரி முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார். புதிதாக வருபவர்களோ நகரத்துப் பொறியியல் மாணவர்கள். படிக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பழகும் இடங்கள் நகரத்தில். மலைக்குப் பாதை போடவே இல்லை இந்தப் பொழுதுபோக்கு.

இத்தனைக்கும் வாசல் அப்படி ஒன்றும் குறுகல் இல்லை. 12 வயது நிரம்பினால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதலாம். ரேடியோ பற்றிய பாடம் ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. முதல் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. ஓம் விதியும் மின்தடையும் பள்ளிப் பாடத்தில் வருபவைதான். தமிழில் ஒரு கையேடு, சொல்லித்தர ஒருவர், தேர்வு மையத்துக்கு அழைத்துப் போக ஒரு வண்டி, அவ்வளவுதான் குறை.

கேட்பதிலிருந்தே தொடங்கலாம். சர்வதேச விண்வெளி நிலையம் மேலே கடக்கும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் அதன் ஹாம் குரலைச் சாதாரண கையடக்க ரிசீவரிலேயே பிடிக்க முடியும். கொல்லிமலையின் திறந்த வானம் அதற்கு வாய்ப்பான இடம். ஒரு பள்ளிக்கு ஒரு ரிசீவரும் 20 மீட்டர் கம்பியும் போதும், அடுத்த ஆண்டு ஐந்து பிள்ளைகளாவது தேர்வு எழுதக் கிளம்புவார்கள். ஆடிப் பதினெட்டையொட்டி வல்வில் ஓரி விழாவுக்குச் செம்மேட்டில் கூட்டம் நெரியும் நாட்களில், வளைவுகளிலும் படிகளிலும் அந்தப் பிள்ளைகள் செட்டோடு நின்றால், முதலுதவிக்காரர்களுக்கு எவ்வளவு ஒத்தாசை!

நாலு மணிக்கு மேகம் கறுத்தது. மலையில் இடி இடிக்கும்போது உயரக் கம்பியோடு விளையாடக் கூடாது. அவசரமாக இறக்கிச் சுருட்டினார்கள். திருச்சிக்காரருக்கு ‘செவன்ட்டி த்ரீ’ சொல்லி விடைபெற்றார்கள். அந்தப் பெண் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் பெயரையோ பள்ளியையோ யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, நான் உட்பட.

ஹாம் நண்பர்களே, அடுத்த ஃபீல்டு டேயை ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பள்ளி திறந்திருக்கும் நாளில் மலையேறுங்கள்.